இரண்டு விலங்குகளுக்கு நடுவே ஒரு மூக்கு

ஹைரானுக்கு மூக்கு அரித்தது.

வேறு யாருக்காவது அரித்திருந்தால் சொறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஹைரானுடைய இடது மணிக்கட்டு ஒரு கைதியோடும், வலது மணிக்கட்டு இன்னொரு கைதியோடும் விலங்கிட்டுப் பூட்டியிருந்தது. சங்கிலி ஒரே ஒரு சாண். கையைத் தூக்கினால் கைதியின் கையும் கூடவே எழுந்து வரும். இரும்பு வந்து பல்லில் இடிக்கும். நேற்று அப்படி இடித்ததில் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பெரியவரே," என்று இடப்பக்கம் முகத்தை நீட்டினான். "மூக்கு."

இடப்பக்கத்துக் கைதியின் பெயர் மத்தான். நெட்டை, ஒல்லி, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். அவர் தன்னுடைய சும்மா இருந்த கையை நிதானமாக உயர்த்தினார்.

"எங்க?"

"இடப்பக்கம். கொஞ்சம் மேல. இன்னும் கொஞ்சம்... ஐயோ, அது கண்ணு! கீழ வாங்க. ஆங், அங்கதான். அங்கயேதான். அப்பாடா!"

வலப்பக்கத்துக் கைதி சோசிமா குட்டை, உருண்டை. அவன் தொப்பை குலுங்கச் சிரித்தான். "உலகத்தையே ஆளுற ரோமாபுரிக்கு மூக்கு சொறிய மட்டும் எங்க ஆளுங்க வேண்டியிருக்கு!"

ஹைரானுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டு என்ன செய்வது, கையை ஓங்கவா முடியும்?

ஒரு கைதிக்கு ஒரு காவலன் என்பதுதான் பட்டாளத்து வழக்கம். லவோதிக்கேயாவில் கப்பல் ஏறும்போது காவலர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருவன் கெட்டுப்போன சிப்பியைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நூற்றுவர் தலைவர் விபுலேன் தாடையைச் சொறிந்தார் (அவருக்குக் கை இருந்தது). "ரெண்டே நாள்ல தீரு பட்டணம் போயிடுவோம். நீயே ரெண்டையும் பார்த்துக்க," என்று இரண்டு விலங்கையும் ஹைரானுக்கே பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் தென்காற்று எதிரே எழுந்தது. கப்பல் போத்ரிஸ் என்கிற இந்தக் கையளவு துறையில் ஒதுங்கியது. விபுலேனுக்கு முழங்கால் வலி. அடுத்த ஊரான பிப்லோஸில் நல்ல வெந்நீர்க் குளியல் இருக்கிறது என்று யாரோ சொல்ல, கோவேறு கழுதை ஏறிப் போய்விட்டார். ரேஷன் மூட்டை அந்தக் கழுதைமேல்தான் இருந்தது. சாவி அவர் கழுத்தில் இருந்தது.

ஆக, துறை ஓரத்துக் கொட்டகையில் இரண்டு விலங்குகளோடு நடுவில் உட்கார்ந்திருந்தான் ஹைரான். பார்க்கிறவர்களெல்லாம் அவனைத்தான் கைதி என்று நினைத்தார்கள். நினைக்கமாட்டார்களா? ஒரு கை பூட்டியவர்கள் இருவர். இரு கையும் பூட்டியவன் ஒருவன். மீன்காரி ஒருத்தி "பாவி, எத்தனை பேரைக் கொன்னியோ!" என்று அவன்மேல் செதிலை எறிந்துவிட்டுப் போனாள்.

வேடிக்கையெல்லாம் வெளிப்பார்வைக்குத்தான். மத்தானும் சோசிமாவும் ஊர் ஊராகப் போய், சிலுவையில் அறையப்பட்டுச் செத்த ஒருவர் மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்று சொல்லித் திரிகிற ஆட்கள். கோவில் வாசலில் கூட்டம் சேர்த்தார்கள் என்று பிடித்திருக்கிறார்கள். தீருவில் விசாரணை. கைதி தப்பினாலும் வழியில் செத்தாலும், கைதிக்கு விழ வேண்டிய தண்டனை காவலன் தலையில் விழும். அதுதான் சட்டம். அந்தியோகியாவில் ஹைரானுக்கு ஒரு மனைவி இருந்தாள். தைமா என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். பட்டாளத்தில் இருக்கும்வரை கல்யாணம் செல்லாது, ஆகவே ரோமச் சட்டத்தின் கண்ணுக்கு அந்த இருவரும் இல்லவே இல்லை. வருகிற வசந்தத்தில் இருபத்தைந்து வருஷம் முடிகிறது. குடியுரிமையும் உண்டு, கல்யாணமும் செல்லும் என்று பெயர் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று கொடுப்பார்கள். அன்றைக்குத்தான் தைமாவுக்குச் சட்டப்படி ஓர் அப்பா பிறப்பான். அதுவரை இந்த இரண்டு பேரும் உயிரோடும் பூட்டோடும் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாளும் கவலையே இல்லை. சொல்லப்போனால் திருவிழா. அந்த ஊரில் இவர்களுடைய சபை ஒன்று இருந்தது. மொத்தம் பதினாலு பேர். சத்தத்துக்கு நூறு பேர். அவர்களுக்குத் தலைவி சிப்ரா என்கிற விதவை. திராட்சைத் தோட்டமும் ஆலையும் வைத்திருந்த பெண்மணி. அவள் பேசினால் துறையில் கட்டிய படகுகள் கொஞ்சம் நகரும் என்று ஊரில் சொல்வார்கள். தங்கள் தூதர்கள் விலங்கோடு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பதினாலு பேரும் கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சுட்ட மீன், பருப்புக் கஞ்சி, ஆட்டுப் பாலாடை, அத்திப்பழம், தேன் தடவிய அப்பம். ஒரு முதிய வலைக்காரர் நேரே ஹைரான் காலில் விழுந்தார்.

"ரெண்டு விலங்கு! எவ்வளவு பெரிய தூதரா இருக்கணும் நீங்க!"

"நான் காவல்காரன்யா!"

"அந்தப் பணிவுதான் ஐயா, அந்தப் பணிவுதான்," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை இல்லாத ஹைரானுக்கு நாலு பேர் ஊட்டிவிட்டார்கள். பட்டாளத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அவனுக்கு ஒருவரும் மீனில் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. இரண்டாம் நாள் மாலை ஏப்பம் விட்டபடி, தென்காற்று இப்படியே ஒரு மாதம் அடிக்கட்டும் என்று தன் ஊர்த் தெய்வங்கள் எல்லாரையும் வேண்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை ஒரு கூடையும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு சிப்ரா மட்டும் வந்தாள். கொட்டகை வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரே ஒரு தட்டு.

"இது படைக்காரருக்கு," என்றாள். "தூதருங்களுக்கு இல்லீங்க."

"ஏம்மா?" என்றான் ஹைரான்.

"இன்னையோட மூணாம் நாள். வழிப்பயணமா வர்ற தூதர் ஒரு நாள் தங்கலாம். ரொம்ப அவசியம்னா ரெண்டு நாள். மூணாம் நாளும் உக்காந்து தின்னா, அவன் தூதர் இல்ல. வயித்துக்குப் பேசுற கள்ளன். எங்க சபை விதி அது."

ஹைரான் இரண்டு கையையும் தூக்கினான். இரண்டு கைதிகளின் கைகளும் கூடவே எழுந்தன. "தாயே, பூட்டியிருக்கு! பூட்டு தெரியுதா? இவங்க எங்கிட்டுப் போவாங்க?"

"தெரியுது. விதியில பூட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"எந்த மடப்பய போட்ட விதி அது?"

சிப்ரா மத்தானைப் பார்த்தாள். சோசிமா மத்தானைப் பார்த்தான். மத்தான் கூரையைப் பார்த்தார். அவர் காது சிவந்துகொண்டிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மத்தான் இந்த ஊருக்கு வந்தபோது, ஏற்கெனவே ஒருவன் 'ஒரு நாள் தங்குகிறேன்' என்று சிப்ரா வீட்டுக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஆவி வந்தது போலக் கண்ணை மூடி "வறுத்த வாத்து வரட்டும்!" என்று அவன் சொல்வானாம், வாத்தும் வருமாம். அவனை விரட்டிவிட்டு, இந்த விதியை எழுதாத குறையாக ஒவ்வொருவர் வாயிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, எந்தக் காரணத்துக்கும் தளர்த்தக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனவர் மத்தான்தான்.

சோசிமா சிரித்த சிரிப்பில் மூவரின் சங்கிலியும் சேர்ந்து குலுங்கியது. "தான் வெட்டின குழியில தானே! கூட என்னையும் இழுத்துக்கிட்டு!"

"சிப்ரா சொல்றது சரி," என்றார் மத்தான். "எனக்காகத் தளர்த்தினா நாளைக்கு வாத்துக்காரனுக்கும் தளர்த்தணும். இன்னியிலருந்து நான் இவங்க சாப்பாட்டைத் தொடமாட்டேன்."

"அப்ப உங்க பங்கு எனக்கு," என்றான் சோசிமா.

"உனக்கும் அதே விதிதான்."

"ஒரே கப்பல்ல ரெண்டு பேரையும் பிடிச்சுட்டு வந்தாங்களே, அதுதான் தப்பு," என்றான் சோசிமா.

"உழைச்சு சாப்பிடலாம்னு விதியில இருக்குங்க," என்று சிப்ரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கைத்தொழில் தெரிஞ்சவர் தங்கலாம், வேலை செஞ்சு சாப்பிடலாம். ஐயா, உங்களுக்கு ஏதாவது தொழில்...?"

மத்தான் ஒரு காலத்தில் தெய்வச் சிலை செதுக்கியவர். அந்தத் தொழிலை விட்ட பிறகுதான் சபையிலேயே சேர்த்தார்கள். சோசிமா அந்தியோகியா கூத்துமேடையில் அடி வாங்கும் கோமாளி. அதையும் சபை விலக்கி வைத்திருந்தது. ஒருவர் உளியைத் தொடக்கூடாது, ஒருவன் உதை வாங்கக்கூடாது. சிப்ரா தட்டை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் அவள் அழுதது துறை முழுக்கக் கேட்டது.

தட்டில் மீன் இருந்தது. ஹைரானுக்கு அனுமதி இருந்தது, கை இல்லை. சோசிமாதான் ஊட்ட வேண்டியிருந்தது. முள் எடுத்து, ஒவ்வொரு வாயாக, ஒவ்வொரு தடவையும் ஆழமாக மோந்து பார்த்துவிட்டு ஊட்டினான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான். "சொல்லுங்க படைக்காரரே. சொல்லவாவது சொல்லுங்க. வெங்காயம் போட்டிருக்காளா?"

மூன்றாவது வாய் ஹைரானுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பட்டினி கிடக்கிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தின்பது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு துண்டை மத்தான் பக்கம் தள்ளப் பார்த்தான். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுநாள் வந்த தட்டை ஹைரானும் தொடவில்லை. துறைப் பூனைகளுக்கு அது நல்ல வாரம்.

"தம்பி, நீ ஏன்பா பட்டினி கிடக்கற?" என்றார் மத்தான்.

"பசி இல்ல பெரியவரே," என்றான் ஹைரான். அவன் வயிறு அந்த நேரம் பார்த்து மாடு மாதிரிக் கத்தியது.

ஐந்தாம் நாள் காலை மத்தான் எழுந்து நிற்கப் போனார், நிற்க முடியவில்லை. வேர் அறுந்த கொடி மாதிரி அப்படியே சாய்ந்தார். சங்கிலி இழுத்ததில் ஹைரானும் சாய்ந்தான், சோசிமாவும் வந்து மேலே விழுந்தான். ஹைரான் முழங்காலால் தவழ்ந்து மத்தானின் மூக்கருகே காதை வைத்தான். மூச்சு இருந்தது. நூல் மாதிரி இருந்தது.

"செத்துடாதீங்க!" என்று கத்தினான். "யோவ் பெரியவரே, செத்துடாதீங்க! நீங்க செத்தா உங்க தண்டனை எனக்கு! என் பொண்ணுக்கு ஏழு வயசு. தைமா. இன்னும் அஞ்சு மாசத்துல அவளுக்கு நான் அப்பா ஆகணும். உங்க விதி, உங்க வாத்து, உங்க வறட்டு வீம்பு, எல்லாம் என் பொண்ணு தலையில வந்து விடியணுமா?"

மத்தான் கண் திறந்தார். "எனக்குத் தெரியாதேப்பா," என்றார் மெதுவாக. "நீ சொல்லலையே."

"நீங்க கேட்டாத்தானே! ஊருக்கெல்லாம் சொல்றீங்க, பக்கத்துல கட்டிப்போட்டவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சோசிமாகூட அப்போது சிரிக்கவில்லை.

பசியிலும் பயத்திலும் மனிதனுக்குச் சில சமயம் மூளை வேலை செய்துவிடுகிறது. ஹைரான் பட்டாளத்தில் சேரும்முன் ஓரோந்தஸ் ஆற்றங்கரையில் திராட்சை மிதிக்கிற கூலிக்காரன். திறந்த கதவு வழியாக மலைச்சரிவில் சிப்ராவின் ஆலை தெரிந்தது. பறித்த திராட்சை மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. மிதிக்க ஆள் போதாமல் அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது இங்கேயே கேட்டது.

"சிப்ராம்மா!" என்று ஹைரான் போட்ட கூச்சலில் அவள் ஓடியே வந்தாள். "எனக்குத் தொழில் தெரியும். திராட்சை மிதிப்பேன். நான் மிதிச்சா இவங்களும் மிதிச்சுத்தானே ஆகணும்? கையைத்தானே பூட்டியிருக்கு, காலைப் பூட்டலையே!"

சிப்ராவின் வாய் பிளந்தது. பிறகு அவள் மத்தானைப் பார்த்தாள். "ஐயா, அது உழைப்புல சேருமா?"

"சேரும்," என்றார் மத்தான். "ஆனா வேலை முதல்ல. சாப்பாடு அப்புறம்."

"கைதிகளைக் கொட்டகையை விட்டுக் கூட்டிட்டுப் போகலாமா, படைக்காரரே?" என்றான் சோசிமா.

"பூட்டோட வச்சிருக்கச் சொல்லி உத்தரவு. எங்க வச்சிருக்கணும்னு உத்தரவுல ஒண்ணும் சொல்லலை," என்றான் ஹைரான். சிப்ரா அவனை முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தாள்.

ஆலைத் தொட்டி பாறையில் வெட்டியது, ஒரு அறை அகலம். மிதிப்பவர்கள் பிடித்துக்கொள்ள மேலே உத்தரத்திலிருந்து கயிறுகள் தொங்கின. கோவணத்தோடு மூவரும் இறங்கினார்கள். மத்தான் இடக்கையால் ஒரு கயிற்றைப் பிடித்தார், சோசிமா வலக்கையால் ஒன்றைப் பிடித்தான். ஹைரானுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. முதல் மிதியிலேயே கால் வழுக்கி, இரண்டு பேர் கையிலும் தொங்கி, தொட்டில் குழந்தை மாதிரி முன்னும் பின்னும் ஆடினான். சபை முழுவதும் தொட்டியைச் சுற்றி நின்று "ஐயோ!" என்றது. இரண்டாம் ஆட்டத்தில் மத்தானின் கயிறு கைநழுவ, மூவரும் சேர்ந்து முகம் குப்புற விழுந்தார்கள். எழுந்தபோது மூன்று பேரும் உச்சி முதல் உள்ளங்கால்வரை கருஞ்சிவப்பு.

"வாயில போனது சாப்பாடுல சேருமா?" என்றான் சோசிமா, நாக்கைச் சுழற்றிக்கொண்டு.

"மிதிக்கிறவன் வாய்க்கு எந்த ஆலையிலயும் தடை கிடையாது!" என்று சிப்ரா மேலேயிருந்து முழங்கினாள். "தின்னுங்க! குனிஞ்சு குனிஞ்சு தின்னுங்க!"

சபையிலிருந்த குழல்காரர் ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். ஹைரானுடைய கால்களுக்கு இருபத்தைந்து வருஷம் மறந்துபோனது எல்லாம் திரும்பி வந்தது. குதிகாலால் ஒன்று, விரலால் இரண்டு, திரும்பி ஒன்று. அவன் தன் ஊர் மிதிப்புப் பாட்டைப் பாடினான். அதில் வரியெல்லாம் மது தேவனின் பெயர். ஒவ்வொரு தடவை அந்தப் பெயர் வரும்போதும் மத்தான் பெரிய குரலில் தன் ஆண்டவரின் பெயரைப் போட்டு அமுக்கினார். சோசிமா இரண்டு பெயருக்கும் நடுவில் "வறுத்த வாத்து!" என்று சேர்த்தான். பாட்டு எந்தத் தெய்வத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ, மூவரும் ஒரே தாளத்தில் குதித்தார்கள். புளிக்கத் தொடங்கிய பழைய தொட்டிகளின் வாடை வேறு வெறும் வயிற்றில் ஏறி, தலை கிறுகிறுத்தது. அப்போதுதான் மத்தான் சிரித்தார். முதலில் இருமல் மாதிரி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. அந்த முகத்துக்கு அத்தனை பல் இருக்கும் என்று ஹைரான் நினைத்ததே இல்லை. கைதிகள், கட்டளை, தகடு எல்லாம் மறந்து அவனும் சிரித்தான். எத்தனையோ வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை அவன்.

மத்தான் ஒரு கையை ஆகாயத்துக்கு வீசினார். 'ணங்' என்று ஒரு சத்தம்.

விலங்கு வளையம் ஹைரானின் இடக்கையிலிருந்து வெறுமே தொங்கியது. அதற்குள் கை இல்லை.

குழல் நின்றது. மெலிந்து எலும்பான மணிக்கட்டு, அதன்மேல் ஒரு தொட்டி திராட்சைச் சாறு. இரும்பு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மத்தான் தன் கையை யாருடைய கையோ மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆண்டவரே கழட்டி விட்டுட்டார்!" என்றாள் சிப்ரா. இந்தத் தடவை அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஐயா, பின்வாசல் திறந்திருக்கு. கழுதை கட்டியிருக்கு. மலைப்பாதையில ஏறிட்டா ஒருத்தனும் பிடிக்க முடியாது. போயிடுங்க ஐயா!"

அதே நேரம் கீழே துறையிலிருந்து கொம்பு ஊதும் சத்தம் வந்தது. காற்று திரும்பிவிட்டது. கப்பல் கிளம்பப் போகிறது. வாசலில் நின்ற வலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நூற்றுவர் தலைவர் பிப்லோஸ்லருந்து திரும்பிட்டார், மேல ஏறி வர்றார்!" என்றார்.

ஹைரானுடைய இடக்கை இப்போது விடுதலை. எட்டிப் பிடித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். மத்தான் இவ்வளவு நேரம் சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கழுத்தைப் பிடிக்க அவனால் முடியவில்லை. "தைமா," என்றான். அவ்வளவுதான் வாயில் வந்தது.

மத்தான் திரும்பினார். "கழட்டினது ஆண்டவர் இல்ல சிப்ரா. உன் திராட்சையும் என் பட்டினியும். ஆண்டவர் கதவைத் திறந்தா எனக்குத் தெரியும். இந்தக் கதவு இவன் கழுத்து வழியாத்தானே திறக்குது! எனக்காகப் பட்டினி கிடந்தவன் கழுத்தை மிதிச்சுட்டுப் போய், அடுத்த ஊர்ல நான் என்னன்னு பேசுவேன்?"

சொல்லிவிட்டு, தொங்கிய வளையத்துக்குள் கையை விட்டார். கையைத் தூக்கினார். 'ணங்.' மறுபடி விட்டார். மறுபடி 'ணங்.'

"நிக்க மாட்டேங்குதே!" என்றார் பதறிப்போய்.

தப்பிக்கத் தவித்த கைதிகளை ஹைரான் எத்தனையோ பார்த்திருக்கிறான். விலங்கு கழன்றுவிடுகிறதே என்று தவிக்கிற கைதியை அன்றுதான் பார்த்தான். சோசிமா துணி சுற்றச் சொன்னான். துணி வெளியே தெரிந்தது. யாரோ அத்திப்பழத்தைச் செருகினார்கள். அது நசுங்கி, இன்னும் நன்றாக வழுக்கியது. "இதுக்குத்தான் சாப்பிடச் சொன்னேன்!" என்று சிப்ரா, விதியைக் காப்பாற்றியவளே அவள்தான் என்பதை மறந்து, அப்பத்தைப் பிய்த்து மத்தானின் வாயில் திணித்தாள். ஒரு அப்பத்தில் மணிக்கட்டு பெருக்குமா?

"முஷ்டி!" என்றான் ஹைரான். "முஷ்டியை மடக்குங்க!"

மத்தான் விரல்களை இறுக மடக்கினார். வளையம் இறங்கி, முஷ்டியில் முட்டிக்கொண்டு நின்றது.

விபுலேன் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். தொட்டிக்குள் கருஞ்சிவப்பாக, கோவணத்தோடு மூன்று பேர், அதில் ஒருவர் வாய் நிறைய அப்பம்.

"இதுல எவன்டா என் ஆளு?"

"நடுவுல இருக்கிறவன் ஐயா," என்றான் ஹைரான்.

விபுலேன் வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹைரானின் பரம்பரையில் மூன்று தலைமுறைக்கு மிருகங்களின் பெயர் வைத்தார். பிறகு சங்கிலிகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சோசிமாவின் பக்கம் கெட்டி. மத்தானின் பக்கம் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். வளையம் விரல் முட்டிகளில் போய் மோதியது. தோல் உரிந்தது, மத்தானின் கண்ணில் நீர் வந்தது. முஷ்டி விரியவில்லை.

"ம்," என்றார் விபுலேன். "யார் சொல்லி இங்க வந்த?"

"பூட்டோட இருக்கச் சொன்னீங்க. எங்க இருக்கணும்னு நீங்க சொல்லலையே ஐயா."

விபுலேன் எதற்கோ வாயைத் திறந்தார். கொம்பு மறுபடி ஊதியது. மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது சிப்ரா தூதர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு அப்பம் கொடுத்தாள். அடுத்த ஊர்வரைக்கும் அப்பம், அதற்குமேல் ஒன்றும் கூடாது என்பதும் விதி. ஹைரான் தலையில் ஒரு பெரிய கூடையை ஏற்றினாள். மீன், பாலாடை, அத்திப்பழம், அடியில் ஒரு முழு வறுத்த வாத்து. "படைக்காரங்களுக்கு எங்க விதியில ஒண்ணும் சொல்லலை," என்றாள்.

"உங்களை நேசிக்கணும்னு எனக்குக் கட்டளை உண்டு படைக்காரரே," என்றான் சோசிமா, கூடையை மோந்துகொண்டு. "இப்பத்தான் அது தானா வருது."

இரண்டு நாள் கடல். இரண்டு நாளும் மத்தான் அந்த முஷ்டியை விரிக்கவில்லை. விபுலேன் பத்தடி தள்ளியே உட்கார்ந்திருந்தார். மதிய வெயிலில் மத்தானுக்குக் கண் செருகும், விரல்கள் மெல்ல அவிழும், வளையம் நழுவும். அப்போதெல்லாம் ஹைரான் தன் இடக்கையால் அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டான். "தூங்குங்க பெரியவரே," என்றான். "நான் பிடிச்சிருக்கேன்." யார் யாருக்குக் காவல் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தீருவின் சிறைச்சாலை முற்றத்தில் எழுத்தர் பட்டியலைப் பார்த்தார். இரண்டு கைதிகள், உயிரோடு, பூட்டோடு. பெற்றுக்கொண்டேன். ஹைரானின் நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கியது. ஹைரானின் இரண்டு வளையங்களையும் சோசிமாவின் விலங்கையும் திறந்துவிட்டு, விபுலேன் சாவியோடு மத்தானிடம் வந்தார். பூட்டுக்குள் காய்ந்த திராட்சைத் தோல் அடைத்திருந்தது, சாவி சுழலவில்லை. திருகினார், திட்டினார், மறுபடி திருகினார்.

மத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. முஷ்டியை விரித்து, கையை உருவி, வளையத்தை அவர் கையில் வைத்தார். "இந்தாங்க."

விபுலேனின் முகம் சுண்ணாம்பாயிற்று. வளையத்தைப் பார்த்தார். உரிந்த முட்டிகளைப் பார்த்தார். ஹைரானைப் பார்த்தார். கைதி தப்பியிருந்தால் ஹைரானோடு போயிருக்கக்கூடிய தலை எது என்று கணக்குப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"போத்ரிஸ்லருந்து ஐயா," என்றான் ஹைரான்.

"நான் எதையும் பார்க்கலை," என்று விபுலேன் வளையத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நின்றார்.

புதுக் காவலர்கள் வந்தார்கள். ஒருவனுக்கு ஒருவன், முறைப்படி. சோசிமா போகிற போக்கில் தன் காவலனிடம், "அண்ணே, உங்களுக்கு மூக்கு அரிச்சா வெக்கப்படாம சொல்லணும்," என்றான். மத்தான் ஹைரானின் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, நீண்ட நடைக்கூடத்தில் புறப்பட்டார்.

ஹைரான் முற்றத்தில் தனியாக நின்றான். ஒன்பது நாளுக்குப் பிறகு இரண்டு கையும் அவனுடையது. வசந்தத்தில் தகடு. தைமாவுக்கு ஓர் அப்பா. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மூக்கு அரித்தது.

பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பி முகத்தை நீட்டினான். அங்கே யாரும் இல்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்க, வெறும் காற்றுக்கு மூக்கை நீட்டியபடி அவன் நின்றான்.

நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், இருட்டு வாசலுக்குள் நுழையப் போன மத்தான் நின்று திரும்பிப் பார்த்தார். புதுக் காவலனின் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, விலங்குக் கையை உயரத் தூக்கி, சிறைச்சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"இடப்பக்கம்! கொஞ்சம் மேல!"